‘மூணு உசிரு’ பாட்டும் உன் இடது காதும்

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே வேறு பலர் இதைப் படித்திருக்கக்கூடும். அதற்காக நீ கோபப்படலாம். உனக்கு மட்டும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கலவானைக்குப் போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படித்தான் முதலில் தொடங்கினேன். இரண்டு தாள் எழுதியதும் கிழித்துப் போட்டேன். ஏனென்றால் நான் சொன்ன பொய்யை உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னேன், பொலிஸில் சொன்னேன், நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னேன், தோட்டம் முழுக்கச் சொன்னேன். ஊருக்கு முன்னால் சொன்ன பொய்யை உன்னிடம் மட்டும் இரகசியமாகத் திருத்திக்கொண்டால் அதுவும் ஒரு பித்தலாட்டம்தான். எல்லாரும் படிக்கட்டும் என்று இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

உன் கல்யாணம் முடிந்து இன்றோடு ஒன்பது நாள். நீ பிணையில் வெளியே வந்து கலவானையில் மருமகளின் வீட்டில் இருக்கிறாய். சுரேன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது தோள் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. தலையில் தையல் போட்டு, ஒரு கண்ணைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கண் தேறுமா தேறாதா என்று இன்னும் சொல்லவில்லை. மண்டபத்திலிருந்து உன்னைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றியபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். “அப்பா, ஆறு வருஷமா மனசுல வச்சிருந்தத குடுத்துட்டேன்பா” என்றாய். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகவும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது வயதில் உன் அம்மா தெஹியோவிட்ட சந்தையில் ஒரு சின்ன கேம் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். கட்டைகள் மேலிருந்து விழும், நீ அவற்றைத் திருப்பி அடுக்குவாய். அடுக்கும்போது ‘டிடிட்’ என்று ஒரு சத்தம், வரிசை அழிந்தால் ‘ட்யூங்’ என்று ஒரு சத்தம், தோற்றுப்போனால் இறங்கிக்கொண்டே போகிற ஒரு சோகச் சத்தம். நான் ரப்பர் ஃபெக்டரியில் ரோலர் மெஷினில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தால் தலைக்குள் ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் உன் ‘டிடிட்’. ஒருநாள் எழுந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அந்தப் பெட்டியைச் சிமெந்துத் தரையில் போட்டுக் குதிகாலால் மிதித்தேன். நீ அழுதாய். அழுததற்கும் அடித்தேன். என் அப்பாவும் அப்படித்தான். முதலில் பொருளை உடைப்பார், பிறகு அழுகிறவனை உடைப்பார். அவரைப் போல இருக்கக்கூடாது என்று சின்ன வயதில் நான் நினைத்ததுண்டு. கை நினைப்பைக் கேட்கவில்லை.

நீ அந்தத் துண்டுகளைப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் வைத்தாய். அது எனக்குத் தெரியாது. ஏ.எல். முடித்துவிட்டு பஸாரில் ஃபோன் திருத்தும் கடையில் நீ வேலைக்குச் சேர்ந்தபோது, நாம் நானா என்று கூப்பிடுகிற கடைக்காரர் உனக்கு ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். நீ முதலில் திருத்தியது எந்த வாடிக்கையாளருடைய ஃபோனையும் இல்லை, நான் மிதித்த பெட்டியைத்தான். திரை போய்விட்டது, ஆனால் சத்தம் வந்தது. அந்தச் சத்தங்களைப் பதிந்து, அவற்றுக்குக் கீழே ஒரு தாளத்தைப் போட்டு ‘மூணு உசிரு’ பாட்டைச் செய்தாய்.

என்னிடம்தான் முதலில் போட்டுக் காட்டினாய். உன் ஹெட்ஃபோனை என் தலையில் மாட்டிவிட்டாய். டும்–ட–டும்–ட என்று இடுப்பைத் தானாக அசைக்கிற தாளம். “இது என்னடா, பைலாவா?” என்று கேட்டேன். நீ சிரித்தாய். “ரெகெட்டோன்பா. அங்க கடலுக்கு அந்தப்பக்கம் ஆடுற தாளம். கேளுங்க, இப்ப காசு விழுற சத்தம் இந்தக் காதுல இருந்து அந்தக் காதுக்குத் தாவும் பாருங்க.” தாவியது. நான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்த வீட்டில் நாம் மூன்று பேரும் ஒரே விஷயத்துக்காகச் சிரித்தது எனக்கு ஞாபகத்தில் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

பாட்டு விளையாட்டுப் பாட்டு. ஒரு பொடியன் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருக்கிற பெண்ணைப் பார்க்க ரப்பர் மலை ஏறிப் போகிறான். கேமில் போல அவனுக்கு மூன்று உயிர்.

“அட்டை கடிச்சா ஒரு உசிரு போச்சு,
குளவி கொட்டுனா ரெண்டாவதும் போச்சு,
மூணாவது உசிர கையில புடிச்சி
உன் வாசப்படிக்கு வந்தாச்சு!”

இதில் யாருக்கும் கோபம் வர ஒன்றுமில்லை. அடுத்த இரண்டு வரிதான் வினை. “குடை புடிச்சி நிக்கிறாரு கடைசி பாஸு, விசிலு ஊதுனா நம்ம கதை க்ளோஸு.” கேமில் கடைசியாக வழிமறிக்கிற பெரிய வில்லன்தான் பாஸ். நம் தோட்டத்தில் குடையும் விசிலுமாக நிற்கிறவர் ஒருவர்தான், கணக்கப்பிள்ளை. ஆளை மலைக்கு அனுப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில். பாட்டு இரண்டு கிழமையில் தெஹியோவிட்டயிலிருந்து அவிசாவளை வரைக்கும் ஓடுகிற த்ரீவீல்களில் எல்லாம் கேட்டது. தமிழ் தெரியாத சிங்களப் பொடியன்களும் ‘மூணு உசிரு’ என்று பாடிக்கொண்டு ஆடினார்கள். கணக்கப்பிள்ளை நம் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துப் பக்கம் வந்தால் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தோற்றுப்போன சத்தத்தை வாயால் செய்தன. மலையில் பால் வெட்டுகிற பெண்களும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். முப்பது வருஷம் எல்லாரும் பயந்த மனிதர் அவர். சிரிப்பை எப்படிக் கையாள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஒருநாள் நம் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒம் மகன் பாட்டுக் கட்டுறானாமே.”

“சின்னப் புள்ளைங்க வெளையாட்டுங்க ஐயா. எடுத்துறச் சொல்றேன்.”

“எடுக்கச் சொல்லு. இல்லாட்டி ஒனக்கு வேலை எங்கன்னு நீயே தேடிக்க. இந்தக் காம்பராவையும் சேத்துத்தான் சொல்றேன்.”

அவர் போனதும் உன்னைப் பிடித்துக் கேட்டேன். “எல்லார் ஃபோன்லயும் போயிருச்சுப்பா. இனி நான் எங்க எடுக்கிறது?” என்றாய். உண்மைதான். ஆனால் எனக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை. தோட்டம் குடியிருக்கத் தந்த அந்த ஓர் அறைக் காம்பராவும் போய்விடும் என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. பயத்தைப் பயமென்று வீட்டில் சொல்ல எனக்கு வெட்கம். கோபமாக மாற்றிச் சொல்வது சுலபமாக இருந்தது. நீயும் இப்போது ஒரு வீட்டுக்கு ஆண்பிள்ளை. உனக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்: கோபம் வரும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் கிளறிப் பார். பாதி நேரம் கீழே பயம்தான் கிடக்கும். பயமாக இருக்கிறது என்று மருமகளிடம் சொல்லிவிடு. சொன்னால் ஒன்றும் குறைந்துபோக மாட்டாய். நான் சொல்லாமல் குறைந்துபோனேன்.

கோயில் திருவிழா வந்தது. தேர் சுற்றி முடிந்து, சாயங்காலம் பொடியன்கள் கோயில் மைதானத்தில் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து உன் பாட்டைப் போட்டார்கள். கணக்கப்பிள்ளை அப்போதுதான் குடும்பத்தோடு அர்ச்சனைத் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். யாரோ ஒருவன் குடையை விரித்துப் பிடித்து, அவருக்கு முன்னால் அவரைப் போலவே நடந்து காட்டினான். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவருடைய மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதைப் பார்த்தவன் சுரேன், அவருடைய மகன். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். உனக்கும் அவனுக்கும் அன்று பத்தொன்பது வயது.

நீ மைதானத்திலிருந்து லயத்துக்கு வருகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே அவன் மோட்டார்சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தான். “எங்கம்மாவ அழ வச்சிட்டியேடா” என்று சொன்னானாம். கையிலிருந்த ஹெல்மெட்டால் உன் வாயில் அடித்தான். நீ விழுந்தாய். எழுந்தபோது திரும்பவும் வாயிலேயே அடித்தான். முன் பல் இரண்டும் போயின. இதை நீயே பொலிஸில் சொன்னாய், அவனும் ஒப்புக்கொண்டான். இதுவரைக்கும் எல்லாம் உண்மை.

இதற்குப் பிறகு நடந்ததை நீ அறியமாட்டாய்.

நீ வீட்டுக்குள் வந்தபோது சட்டை முழுக்க இரத்தம். அம்மா அலறினாள். நீ பல் இல்லாத வாயோடு சிரித்தாய். “ஒண்ணுமில்லம்மா. ஒரு உசிருதான் போச்சு. இன்னும் ரெண்டு இருக்கு” என்றாய். பிறகு என்னைப் பார்த்து, “அப்பா, அடுத்த பாட்டுல ஹெல்மெட் அடிக்கிற சத்தத்தையும் சேக்கிறேன். செம பீட்டு” என்றாய். நீ அதிர்ச்சியில் உளறினாய் என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டது வேறு. இவன் அடங்கமாட்டான், நாளைக்கு வேலை போகும், காம்பரா போகும், நடுத்தெருவில் நிற்போம் என்றுதான் கேட்டது. அடிபட்டு வந்த பிள்ளையை உட்கார வைத்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல், “இன்னும் பாடுவியாடா?” என்று கத்திக்கொண்டு, ரோலரில் ரப்பர் தள்ளித் தள்ளி மரத்துப்போன இந்த வலது கையை முழுக்க வீசி உன் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். நீ ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்தாய். கதவு நிலையில் தலையின் அதே பக்கம் மோதியது. பலகை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீ அசையவில்லை. காதிலிருந்து இரத்தமும் தண்ணீருமாக வழிந்தது.

மகனே, உன் காதை எடுத்தது சுரேன் இல்லை. நான்.

அம்மா உன் தலையை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. உன்னை த்ரீவீலில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் அவள் கையைப் பிடித்து நெரித்தபடி சொன்னேன்: “வாயத் தொறந்த, நான் ஜெயிலுக்கு, நீங்க ரெண்டு பேரும் நடுத்தெருவுக்குத்தான். எல்லாம் ரோட்டுல நடந்தது. வெளங்குதா?” அவளுடைய கண்ணாடி வளையல் என் பிடியில் உடைந்து அவள் மணிக்கட்டைக் கிழித்தது. அந்தத் தழும்பு அடுப்படியில் வளையல் உடைந்து வந்ததென்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, “கவுத கெஹுவே?” என்று கேட்டார். யார் அடித்தது? நான் சிங்களத்தில், ஒரு சொல் தடுமாறாமல், எல்லா அடியையும் ரோட்டில் போட்டேன். டாக்டர் காதுக்குப் பின்னால் எலும்பு வெடித்து உள்ளே நரம்பு அறுந்துவிட்டது என்றார். எதனால் என்று கேட்டார். “ஹெல்மெட்” என்றேன். இரண்டு நாள் கழித்து நீ கண் விழித்தபோது உனக்குக் கோயில் மைதானம் ஞாபகம் இருந்தது, சுரேனின் முகம் ஞாபகம் இருந்தது, பல் போனது ஞாபகம் இருந்தது. வீடு வந்தது ஞாபகத்தில் இல்லை. “காதயும் அவன்தான் அடிச்சானாப்பா?” என்று கேட்டாய். அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். “ஆமா” என்றேன்.

பல்லுக்கு மட்டுமென்றால் வழக்கு வேறு மாதிரி போயிருக்கும். காது போனதால் அது பெரிய காயமாகி, சுரேன் இரண்டு வருஷம் சிறைக்குப் போனான். கூண்டில் நின்று அவன் அழுதான். “வாயிலதான் அடிச்சேன் சார், காத நான் தொடவே இல்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. அவன் சொல்வது உண்மையென்று தெரிந்த நான், சாட்சிக் கூண்டுக்குப் போய் அவனைக் கையால் சுட்டிக் காட்டிவிட்டு இறங்கினேன். உள்ளே அவனைப் பழைய கைதிகள் மூக்குத்தண்டு உடையும்வரை அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவனுடைய அப்பா வேலையை விட்டுக் குருவிட்டப் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பயந்துதான் உன்னை அறைந்தேன், அறைந்ததை மறைக்கத்தான் அந்தப் பொய்யைத் தொடங்கினேன். அவர் போன பிறகும் பொய் மட்டும் போகவில்லை. சுரேன் வெளியே வந்து மாணிக்கக் குழியில் இறங்கி வேலை செய்தான்.

நீ ஒரு காதோடு பிழைத்தாய். கூப்பிட்டால் எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்ப்பாய். ரோட்டில் லொறி வந்தால் அம்மா உன் சட்டையைப் பிடித்து இழுப்பாள். ஒருநாள் நீ கட்டிலில் உட்கார்ந்து உன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாய். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பி மாட்டினாய். மறுபடி கழற்றினாய், மறுபடி திருப்பினாய். காசு தாவுகிற இடம் அது. பாதிப் பாட்டை ஒரு பக்கமாகவும் மீதிப் பாட்டை மறுபக்கமாகவும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்போதே உள்ளே வந்து சொல்லியிருக்க வேண்டும். வெளியே போய் விறகு பிளந்தேன். அன்று பிளந்த விறகு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

நீ பாட்டை விடவில்லை, அது உன் கெட்டித்தனம். கல்யாண வீடுகளுக்கு ஸ்பீக்கர் கட்டினாய், புதுப் பாட்டுகள் செய்தாய். ஆனால் உன் பாட்டுகளிலிருந்து விளையாட்டு போய்விட்டது. எல்லாம் அடி, வெட்டு, பழி. ஃபோன் கடை நானா ஒருமுறை என்னிடம் கேட்டார்: “என்னங்க, பொடியன் முந்தி சிரிச்சிச் சிரிச்சிப் பாட்டு செஞ்சான், இப்ப பல்லக் கடிச்சிக்கிட்டுச் செய்றானே?” சுரேனின் பெயரைக் கேட்டாலே உன் கை முறுக்கிக்கொண்டது. அந்தப் பகைக்கு ஆறு வருஷமாகச் சோறு போட்டு வளர்த்தவன் நான்.

இனி உன் கல்யாணத்துக்கு வருகிறேன். தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதி முடிந்திருந்தது. உன் சிநேகிதர்கள் உன்னைக் கேலி செய்ய அந்தப் பழைய ‘மூணு உசிரு’ பாட்டைப் போட்டார்கள். மண்டபமே எழுந்து ஆடியது. மருமகள் வெட்கப்பட்டுக்கொண்டே ஆடினாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு நீ பழைய மாதிரி வாய் விட்டுச் சிரித்தாய். அப்போது சுரேன் உள்ளே வந்தான். வெள்ளைச் சட்டை, வளைந்த மூக்கு, கையில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டி. நேராக உன்னிடம் வந்தான். நான் நாலடி தள்ளி, வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

“மச்சான், பல்லுக்கு மன்னிச்சிரு. அது நான் செஞ்ச தப்பு. ஆனா காத நான் தொடலடா. இன்னிக்காவது நம்பு.”

உன் முகத்தில் இரத்தம் ஏறியது. “என் கல்யாணத்துக்கே வந்து பொய் சொல்றியா?” என்றாய். பக்கத்தில் விருந்தாளிகள் உட்காரப் போட்டிருந்த இரும்புக் கதிரையை மடக்கித் தூக்கினாய். முதல் அடி தோளில் விழுந்தது. பெட்டி கீழே விழுந்து உள்ளேயிருந்த கண்ணாடிக் கோப்பைகள் உடைந்தன. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, “நம்புடா” என்றுதான் சொன்னான். முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் எனக்கு நேரம் இருந்தது. நீ கதிரையைத் திரும்ப ஓங்குகிற அளவுக்கு நேரம். ‘நான்தான்’ என்று கத்தப் போதுமான நேரம். நான் வெற்றிலைத் தட்டைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது அடி தலையில் விழுந்தது. அவன் கண்ணாடித் துண்டுகள் மேல் முகம் குப்புற விழுந்தான். மூன்றாவதும் நான்காவதும் கிடந்தவன் மேல் விழுந்தன.

அம்மா கத்தினாள். ஆறு வருஷம் நான் அடைத்து வைத்த வாய் அது. “அவன் இல்லடா! அவன் இல்லடா மகன்! ஒங்கப்பாடா!” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஸ்பீக்கரில் டும்–ட–டும்–ட போய்க்கொண்டிருந்தது, யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டாள். ஆனால் அவள் நின்றது உன் இடது பக்கம்.

மறுநாள் காலை அவள் கல்யாணச் சேலையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சேலையில் சுரேனின் இரத்தம் காய்ந்திருந்தது. “நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?” என்றாள். சத்தமில்லாமல்தான் கேட்டாள். முப்பது வருஷத்தில் அவளுக்கு நான் பயந்தது அன்றுதான். “நான் போறேன்” என்றேன். சொல்லிவிட்டு அன்றும் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் அவள் செருப்பை மாட்டியதைப் பார்த்துத்தான் எழுந்தேன். என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே.

ஆஸ்பத்திரியில் சுரேன் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய அப்பா, வற்றிப்போன கிழவர், விசிறிக்கொண்டிருந்தார். அருகில் குனிந்து, மெதுவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறைந்தது, கதவு நிலை, பொலிஸ் புத்தகம், ‘ஆமா’ என்று உனக்குச் சொன்ன பொய். சுரேன் நல்ல கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “சத்தமா சொல்லுங்க மாமா” என்றான்.

“என்ன தம்பி?”

“கோர்ட்டுல சத்தமாத்தானே சொன்னீங்க? இங்கயும் சத்தமா சொல்லுங்க. இந்த வார்டுக்கே கேக்கட்டும்.”

நான் நிமிர்ந்து நின்று சொன்னேன். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒரு நர்ஸ் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். கிழவர் விசிறியைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் கழுத்துச் சட்டையைப் பற்றி, என் முகத்தைக் கட்டில் கம்பியில் மோதினார். வயதான கை, ஆனாலும் புருவம் கிழிந்தது. திரும்பவும் மோதினார். “எம் புள்ள மூக்கு... எம் புள்ள ரெண்டு வருஷம்...” என்று சொல்லிச் சொல்லி மோதினார். நர்ஸ்கள் ஓடி வந்து பிரித்தார்கள். நான் தடுக்கவில்லை, அதைப் பெருமையாகச் சொல்லவுமில்லை. வாங்கியது போதாது என்றுதான் தோன்றியது. சுரேன் தன் அப்பாவைத் தடுக்கவுமில்லை, என்னை மன்னித்ததாகச் சொல்லவுமில்லை. நான் கதவருகே போனதும், “அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டான்.

அங்கிருந்து இரத்தம் வடிய நேராகப் பொலிஸுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். எழுதிக்கொண்டவர் பேனையை வைத்துவிட்டு, சத்தியம் செய்து பொய் சொன்னதற்குச் சிறைக்குப் போகவேண்டி வரும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். உன்னை அடித்ததற்கும் வழக்கு வரும் என்றார். வரட்டும். கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதம் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நான் உள்ளே போனால் அம்மா அவளுடைய தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். உள்ளே போகாவிட்டாலும் போவதாகத்தான் சொன்னாள்.

இனி உன்னைப் பற்றி. என் பொய் உன்னைக் காப்பாற்றாது. நான் ஏமாற்றியதால்தான் அடித்தாய் என்று உன் வக்கீல் சொல்லுவார், சொல்லட்டும். ஆனால் கதிரையைத் தூக்கியது உன் கை. விழுந்து கிடந்தவனை இரண்டு தடவை அடித்ததும் உன் கைதான். அந்தக் கையை நான் நன்றாக அறிவேன், மகனே; அது என் கை, என் அப்பாவின் கை. உன் கல்யாணத்தன்று மருமகள் மேடையில் நின்று உன்னைப் பார்த்த பார்வையையும் நான் கண்டேன். உன் அம்மா என்னை அப்படிப் பார்த்த நாளில்தான் இந்த வீடு உடைந்தது. நீ அவளிடம் போய், இது எங்கள் குடும்பத்தில் இருக்கிற நோய், என்னிடமும் இருக்கிறது என்று சொல். மறைத்து வைத்துக்கொண்டு, வராது என்று நம்பாதே. நான் அப்படி நம்பித்தான் உன் காதை எடுத்தேன்.

நீதிமன்றத்தில் நீ செய்ததைச் செய்தேன் என்றே சொல். குடித்திருந்தேன், தள்ளியபோது பட்டுவிட்டது என்றெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். ஒரு பொய்க்கு எவ்வளவு இரத்தம் தேவைப்படும் என்று உன் குடும்பம் கண்டுவிட்டது. இன்னொன்றைத் தொடங்காதே.

இதைப் படித்து முடித்ததும் உனக்கு இங்கே வரவேண்டும் போலிருக்கும், என்னை அடிக்க வேண்டும் போலிருக்கும். வா. வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் வைத்திருக்கிறேன். அடித்தால் கை தூக்கமாட்டேன், யாரிடமும் முறையிடமாட்டேன். ஆனால் கலவானையிலிருந்து புறப்பட்டு வருகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கு. இடது பக்கம் கடைசிக் கட்டில். அவனுக்கு இப்போது நல்ல கண் ஒன்று, உனக்கு நல்ல காது ஒன்று. அவன் என்ன சொன்னாலும் நின்று கேள். கேட்டு முடித்த பிறகும் உன் கை முறுக்கிக்கொண்டிருந்தால், அங்கிருந்து நேராக என்னிடம் வா.

உன் அப்பா